கோடு நேராகத்தான் இருந்தது

காரின் பின்கதவில் விழுந்திருந்த பள்ளத்துக்கு வீட்டில் ஒரே ஒரு விளக்கம்தான் இருந்தது. அதுவும் அம்மா சொன்னது. காய்கறிக் கடை வாசலில் நிறுத்தியிருந்தபோது தள்ளுவண்டி ஒன்று வந்து இடித்துவிட்டதாம். யார் இடித்தது, எப்போது இடித்தது என்று கேட்டால், "இடிச்சவன் என்ன நின்னு அட்ரஸ் குடுத்துட்டா போவான்?" என்று எதிர்க்கேள்வி வரும். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அப்பா வாயே திறக்கவில்லை. அதுதான் மூத்த மகள் பெரியவளை உறுத்தியது.

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்தவர் அப்பா. டிரைவிங் ஸ்கூலை மூடி வருஷங்கள் ஆன பிறகும் தெருவில் அவருக்குப் பெயர் மாஸ்டர்தான். யாராவது கார்க் கதவை ஓங்கிச் சாத்தினால், தன் கன்னத்தில் அறைந்த மாதிரி திரும்பிப் பார்ப்பார். அப்படிப்பட்ட மனிதர், கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரமாகக் கம்மென்று இருந்தார். இடித்தவனை ஒரு வார்த்தை திட்டவில்லை.

பெரியவளும் அதற்கு மேல் துருவவில்லை. அவள் பாடே பெரும்பாடாக இருந்தது. கணவன் வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான் என்று தெரிந்த மறுநாள், ஆறு வயது வாண்டைக் கையில் பிடித்துக்கொண்டு பிறந்த வீட்டு வாசலில் வந்து நின்றவள் அவள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. விடிவதற்குள் கிளம்பியாக வேண்டும். வந்து நின்ற அன்றைக்கே அப்பா சொல்லிவிட்டார்: "வாண்ட பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் விடறதும் கூட்டிட்டு வர்றதும் என் பொறுப்பு. நீ நிம்மதியா வேலைக்குப் போ."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை மாதங்களாக எழுந்து நடமாடிக்கொண்டிருந்தாள்.

டென்ட் என்கிற அந்தப் பள்ளத்தை எடுக்க ஆள் கண்டுபிடித்தது அவள்தான். பெயிண்ட் அடிக்காமலேயே உள்ளிருந்து நெம்பி, பள்ளம் இருந்த இடம் தெரியாமல் செய்துவிடுவார்களாம். அப்பாவுக்கு ஒரு சந்தோஷம் கொடுக்கலாமே என்று விடுப்புப் போட்டிருந்தாள்.

"நானும் வரேன்" என்று அம்மா செருப்பைத் தேடினாள்.

"டென்ட் எடுக்கற எடத்துல உனக்கு என்னம்மா வேலை? அதான் நான் போறேன்ல?"

"சும்மா வீட்ல உக்காந்து என்ன பண்ணப்போறேன்…"

"காலையிலயும் சாயங்காலமும் வாண்டோட கார்ல ஊர் சுத்தறது பத்தாதா உனக்கு? வயசான காலத்துல ஜோடி போட்டுக்கிட்டு!"

எப்போதும் இதற்கு அம்மா வெட்கப்பட்டுச் சிரிப்பாள். இன்று சிரிக்கவில்லை. கார் கிளம்பும்போது ஜன்னல் பக்கம் குனிந்து, "ரோட்டப் பாத்துக்கிட்டே போ. போன நோண்டாத. அவர்கிட்ட ஏதாவது பேசிக்கிட்டே இரு, என்ன?" என்றாள்.

பெரியவள் தலையை ஆட்டிவிட்டு, தெரு திரும்புவதற்குள் போனை எடுத்துவிட்டாள். பரிசோதனைக் கூடத்திலிருந்து ஏதோ சந்தேகம் கேட்டிருந்தார்கள். பதில் அனுப்பிக்கொண்டிருந்தபோது பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிய்த்தது. நிமிர்ந்து பார்த்தாள். சிக்னலில் பச்சை விழுந்து நேரமாகியிருந்தது. அப்பா அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"பச்சைப்பா."

"தெரியும், தெரியும்" என்று சிடுசிடுத்துக்கொண்டே வண்டியை எடுத்தார்.

டென்ட்காரரின் பட்டறை வெளிச்சமான ஒரு கொட்டகை. எண்ணெய்ப் பிசுக்கு, சுத்தியல் சத்தம் எதுவும் இல்லை. சுவர் முழுக்க விதவிதமாக முனை வளைந்த இரும்புக் கம்பிகள் தொங்கின. ஐம்பதைத் தாண்டிய டென்ட்காரர் வாயாடி. கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, "பெயிண்ட் உடையல. நல்ல வேளை. இருந்தாலும் தள்ளுவண்டி இடிச்ச மாதிரி தெரியலையே, சார்? மொழுக்குன்னு இருக்கு. ஏதோ தூண்ல உரசி அமுங்கின மாதிரி இருக்கு" என்றார்.

அப்பா சுவரில் இருந்த கம்பிகளைப் பார்க்கப் போய்விட்டார்.

கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றினார் டென்ட்காரர். சக்கரம் வைத்த விளக்கு ஒன்றை உருட்டி வந்து கதவுக்கு எதிரே நிறுத்தினார். அந்த விளக்கின் முகத்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள். அவை அப்படியே காரின் கருநீல வண்ணத்தில் பிரதிபலித்தன. பள்ளம் இருக்கும் இடத்தில் மட்டும் கோடுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வளைந்து கிடந்தன.

"இதப் பாத்துத்தான் வேலை செய்யறது. கோடு நேராயிடுச்சுன்னா பள்ளம் போயிடுச்சுன்னு அர்த்தம்" என்றார்.

நீளமான கம்பியை உள்ளே விட்டுத் தகட்டின் முதுகில் மெல்ல மெல்ல அழுத்தினார். மேடு தட்டிய இடத்தில் நைலான் முனையை வைத்து லேசாகத் தட்டினார். பெரியவளுக்கு அதைப் பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை. வளைந்த கோடுகள் கொஞ்சம் கொஞ்சமாக விலகி, மூச்சு விட்டுக்கொண்டு நேராகிக்கொண்டிருந்தன. நடுவில் டீ வந்தது. அப்பா டம்ளரை வாங்கக் கையை நீட்டினார். கை டம்ளரைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தது. அவள் அதைப் பார்த்தாள். ஆனால் அப்போது அது மனதில் பதியவில்லை.

"சார், வந்து பாருங்க. இப்பப் பொறந்த கொழந்த மாதிரி இருக்கு கதவு!"

அப்பா வந்தார். குனிந்தார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தார்.

"இன்னும் போகலையே."

"எங்க சார்?"

"இங்கதான். நடுவுல கோடு எல்லாம் வளைஞ்சுதானே கிடக்கு?"

டென்ட்காரர் பெரியவளைப் பார்த்தார். அவள் கதவைப் பார்த்தாள். கோடுகள் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி இருந்தன.

"இல்லையே சார்… சரி, வெளிச்சம் அடிக்குதோ என்னமோ." அவர் விளக்கை முன்கதவுக்கு உருட்டினார். "இந்தக் கதவுல அடியே படல. இதப் பாருங்க. இதே மாதிரிதான் அதுவும் இருக்கு."

அப்பா முன்கதவைப் பார்த்தார்.

"இதுலயும் வளைஞ்சிருக்கே. என்னய்யா, உன் விளக்கே கோணலா?"

டென்ட்காரர் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பெரியவள் அப்பாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். சிக்னலில் விழுந்த பச்சையும், டம்ளரைத் தாண்டிப் போன கையும் இப்போதுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தன.

"அப்பா, இந்தக் கண்ண மட்டும் மூடிட்டுப் பாருங்க."

"என்ன, எனக்கே பரீட்சை வெக்கறியா?"

"ஒரு தடவப்பா. எனக்காக."

வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். அப்படியே நின்றார். கையை எடுக்கவில்லை.

"கோடு எப்படித் தெரியுது?"

"ஓரத்துல கோடு இருக்கு" என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "நடுவுல ஒண்ணும் இல்லம்மா. புகை படிஞ்ச மாதிரி இருக்கு."

சாவியை அவள் கேட்கவில்லை. கையை மட்டும் நீட்டினாள். அப்பா சட்டைப் பையிலிருந்து எடுத்து அதில் வைத்தார்.

கண் மருத்துவமனையில் அன்றைக்கே பார்த்தார்கள். சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். படம் எடுத்தார்கள். மறுபடி உட்கார வைத்தார்கள். அப்பா கைகளை மடியில் வைத்துக்கொண்டு, லைசென்ஸ் சோதனைக்கு வந்து தன் முறைக்குக் காத்திருப்பவனைப் போல உட்கார்ந்திருந்தார்.

டாக்டரம்மா நல்லவள். சுற்றி வளைக்கவில்லை.

"இடது கண்ணுல விழித்திரை நடுவுல வடு விழுந்துடுச்சு. அதுல இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. வலது கண்ணுல இப்பதான் கசிய ஆரம்பிச்சிருக்கு. அதனாலதான் கோடு வளைஞ்சு தெரியுது. உடனே ஊசி போட்டா இருக்கற பார்வையக் காப்பாத்தலாம். நாளைக்குக் காலையிலயே போட்டுடலாம்."

"ஊசின்னா… எங்க?"

"கண்ணுலதான். மரத்துப்போக மருந்து விட்டுத்தான் போடுவோம். வலிக்காது."

"வேண்டாம்" என்றார் அப்பா.

"போடலேன்னா இந்தக் கண்ணும் அப்படித்தான் ஆகும்."

"ஊசி போட்டா வண்டி ஓட்டலாமா?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தாள். "இல்லங்க. வண்டி ஓட்டறத இன்னியோட விட்டுடணும்."

"அப்ப வேண்டாம்" என்று எழுந்துவிட்டார்.

திரும்பும்போது அவள் ஓட்டினாள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மாணவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே வாழ்நாளைக் கழித்த இருக்கை அது. ஒவ்வொரு திருப்பத்திலும் அவருடைய வலது கால், அங்கே இல்லாத பிரேக்கைத் தேடி மிதித்தது. அதைப் பார்க்காமலிருக்க அவள் முன்கண்ணாடிக்கு வெளியே பார்வையை ஆணியடித்து வைத்துக்கொண்டாள்.

"எத்தனை நாளாப்பா?"

அவர் சீட் பெல்ட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"என் பிள்ளைய வெச்சுக்கிட்டு ஓட்டினீங்களே!"

"உங்கம்மா கூட வருவா" என்றார் அவர். "அவ சொல்லுவா."

வீட்டுக்குள் நுழைந்ததும் கைப்பையை வீசி எறிந்தாள் பெரியவள். கார்ச் சாவி ஆணியில் போய்த் தொங்கியது. அப்பா நேராகத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வாண்டைப் பக்கத்து வீட்டுக்காரி தன் பிள்ளையோடு சேர்த்துக் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போயிருந்தாள். அது கூடத்தில் குப்புறப் படுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தது.

சமையலறையில் அம்மா அவள் முகத்தைப் பார்த்ததுமே அடுப்பை அணைத்துவிட்டாள்.

"தெரிஞ்சுபோச்சா?"

"தெரிஞ்சுபோச்சாவா? உனக்குத் தெரியும்! தெரிஞ்சுக்கிட்டே என் குழந்தைய அந்த வண்டியில ஏத்தி அனுப்பினே! எப்படிம்மா உனக்கு மனசு வந்துச்சு?"

"நான் கூடவே போனேன்டி. ஒரு நாள் தனியா விட்டதில்ல. சிவப்புன்னா சிவப்புன்னு சொல்லுவேன். ஆள் குறுக்க வந்தா ஆள்னு சொல்லுவேன். மெதுவாத்தான் ஓட்டுவார்…"

"உனக்கு ஸ்டியரிங்கத் தொடக்கூடத் தெரியாது!"

"தெரியாதுதான். கண்ணு தெரியும்ல?"

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"ஸ்கூல மூடினப்பவே மனுஷன் பாதி போயிட்டார். நாள் பூரா ஜன்னல் பக்கம் உக்காந்து, போற வர்ற வண்டிய எண்ணிட்டு இருப்பார். நீ வந்து நின்ன அன்னிக்குத்தான் எழுந்து ஷேவ் பண்ணிக்கிட்டார். என் பொண்ணுக்கு என்னால ஒரு உபகாரம் இருக்குன்னு சொல்லிட்டுச் சட்டைய இஸ்திரி போட்டார். அந்த மனுஷன்கிட்ட போய், நீங்க ஓட்டாதீங்கன்னு எப்படிடி சொல்லுவேன்? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு…"

"அந்தப் பள்ளம் எப்படி விழுந்துச்சு?"

அம்மா நிமிரவில்லை. "எனக்கு அன்னிக்குக் காய்ச்சல். எழுந்திருக்க முடியல. வேற யாரையாவது அனுப்பலாம்னு சொன்னேன். ரெண்டு தெருதானே, நான் பாத்துக்கறேன்னு கிளம்பிட்டார்."

"ரெண்டு பேரும் தனியாவா?"

அம்மா தலையசைத்தாள்.

பெரியவளுக்கு அந்தப் பள்ளம் இருந்த இடம் நினைவுக்கு வந்தது. ஓட்டுநருக்கு எதிர்ப்புறம், பின்கதவு. வாண்டு தினமும் உட்காரும் இடம் அதுதான். ஒரு விரற்கடை கூடுதலாகப் போயிருந்தால் என்ற நினைப்பு வந்து, அதை முடிக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே உன்னோட நான் பேசமாட்டேம்மா" என்றாள். "என்னால முடியல."

கூடத்துக்கு வந்தபோது வாண்டு வண்ணம் தீட்டுவதை நிறுத்திவிட்டு எழுந்து உட்கார்ந்திருந்தது. எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"அம்மா, பாட்டியத் திட்டாத."

"நீ சும்மா இரு."

"பாட்டி ஒண்ணும் பண்ணல. நான்தான் பண்ணேன்."

பெரியவள் மண்டியிட்டு அதன் எதிரே உட்கார்ந்தாள். "என்னடா பண்ணே?"

வாண்டின் உதடு பிதுங்கியது. பென்சிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒப்பிப்பது போலச் சொன்னது:

"பாட்டிக்குக் காய்ச்சல்ல. அதனால நான்தான் தாத்தாவுக்குச் சொல்லிட்டு வந்தேன். சிவப்பு சொன்னேன். பச்சை சொன்னேன். பஸ் வருதுன்னு சொன்னேன். தாத்தாகூட வெரிகுட் சொன்னாரு. ஸ்கூல் கேட்டுகிட்ட என் ஃபிரண்டு கூப்பிட்டா. நான் அவளப் பாத்து டாட்டா காட்டிட்டு இருந்தேனா… தூண் வந்ததச் சொல்ல மறந்துட்டேன்."

பேச்சு உடைந்தது.

"நான் சொல்லாததாலதான் இடிச்சுடுச்சு. தாத்தா பாவம்மா. அவரத் திட்டாத. நான் இனிமே மறக்கவே மாட்டேன். யாரு கூப்பிட்டாலும் பாக்க மாட்டேன்."

பெரியவள் குழந்தையை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். 'நீ ஒண்ணும் பண்ணல, கண்ணு' என்று சொல்ல நினைத்தாள். அதன் தலையைத் தடவிக்கொடுக்கத்தான் முடிந்தது. ஒரு வாரமாக இந்தச் சின்னத் தலை இதைச் சுமந்துகொண்டு சாப்பிட்டிருக்கிறது, தூங்கியிருக்கிறது, அவளுக்கு முத்தம் கொடுத்து வேலைக்கு அனுப்பியிருக்கிறது. அவளுக்குத் தெரியவில்லை.

நிமிர்ந்தபோது அறை வாசலில் அப்பா நின்றிருந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியிருந்தார். மருந்து விட்ட கண்கள் விரிந்து, எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தன. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ! சுவரைத் தடவிக்கொண்டு வாசல் பக்கம் போனார்.

காற்றாட நிற்கப் போகிறார் என்றுதான் நினைத்தாள். குழந்தையின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வெளியே கார் உறுமியது.

ஆணியில் சாவி இல்லை.

சமையலறையிலிருந்து அம்மா அலறிக்கொண்டு ஓடிவந்தாள். பெரியவள் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தாள். அந்தி இறங்கிக்கொண்டிருந்தது. வெளிக்கதவு மூடியேதான் இருந்தது. கார் நின்ற இடத்திலேயே நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார்.

அவள் மறுபக்கக் கதவைத் திறந்து பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். சாவியைப் பிடுங்கக் கை துறுதுறுத்தது. பிடுங்கவில்லை.

"தெரு முனை வரைக்கும்" என்றார் அப்பா. "ஒரே ஒரு தடவ. நீ பக்கத்துல இருக்கேல்ல?"

"வேண்டாம்ப்பா."

"முதல் கியர்லயே போறேன்."

"வேண்டாம்ப்பா."

அவர் தலையை ஆட்டினார். எதிரே மூடியிருந்த வெளிக்கதவைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கத்துக்க வர்றவனுக்கு முதல் நாளே சொல்லுவேன். சந்தேகம் வந்தா நிறுத்துடா, அப்புறம் யோசின்னு. எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! எனக்கு எப்பவோ சந்தேகம் வந்துடுச்சும்மா. நிறுத்த முடியல. நிறுத்தினா அப்புறம் நான் யாரு?"

அவளுக்கு ஆத்திரம் இருந்தது. பிள்ளையின் அழுகை இன்னும் தோளில் ஈரமாக இருந்தது. ஆனால் பக்கத்தில் இருந்த கை ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தக் குழந்தை தலையில ஏன்டி இந்தப் பாரத்த ஏத்தினேன்…" என்றார் அப்பா. சாவியைத் திருப்பினார். எஞ்சின் அடங்கியது. இறங்கவில்லை.

"நாளைக்குக் காலையில ஊசிக்கு வரச் சொல்லியிருக்காங்க" என்றாள் அவள்.

அவர் ஸ்டியரிங்கின் வளைவைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

பின்கதவு திறந்தது. வாண்டு, வழக்கம்போலத் தன் இடத்தில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் கதவை இழுத்து மெதுவாகச் சாத்தியது. வீட்டு வாசற்படியில் அம்மா நின்றாள். இறங்கி வரவும் துணியவில்லை, உள்ளே போகவும் மனமில்லை.

"தாத்தா, எங்க போறோம்?"

அப்பா ஸ்டியரிங்கிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியலடா" என்றார். "உங்கம்மாவக் கேளு."

வாண்டு இருக்கைகளுக்கு நடுவே எட்டி, அவள் முகத்தைப் பார்த்தது. வாசற்படியிலிருந்து அம்மாவும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவள் வாயைத் திறந்தாள். ஊசிக்கு என்று சொல்வதா, எங்கேயும் இல்லை என்று சொல்வதா என்று அவளுக்கும் தெரியவில்லை.